மேடையில் வாசித்த கிட்டாருக்கு ஏன் அந்த விலை? புதிய ரசிகர்களுக்கு ஒரு விளக்கம்

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி டி-18இ என்று ஒரு கிட்டார் மாடலைக் கொண்டுவந்தது. மின்சாரம் இல்லாமலே ஒலிக்கும் அகூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகையிலேயே பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின் ஒலியாக மாற்றும் கருவி) அதன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளும் பொருத்திய மாடல். மேல்பலகை தாராளமாக அதிர்ந்தால்தான் அகூஸ்டிக் கிட்டாருக்குக் குரல் எழும். அதன்மேல் இரும்பையும் ஒயரையும் ஏற்றினால் அதிர்வு அடங்கிவிடும். அதனால் இது அவ்வளவாக எடுபடவில்லை. மொத்தம் 302 கிட்டார் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

அந்த 302-இல் ஏழாவதாகச் செய்தது பல வருடம் கழித்து நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் கைக்கு வந்தது. இடது கைக்காரர் என்பதால் தந்திகளைத் திருப்பிக் கட்டும்படி அதை மாற்றிக்கொண்டார். தனியாக ஒரு பிக்கப்பும் போட்டுக்கொண்டார். 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில், லில்லிப் பூவும் கறுப்பு மெழுகுவர்த்தியும் நிறைந்த மேடையில், எம்டிவி தொலைக்காட்சியின் அன்பிளக்டு என்ற அகூஸ்டிக் இசை நிகழ்ச்சிக்கு அந்தக் கிட்டாரைத்தான் வாசித்தார். அதற்கு ஐந்து மாதத்துக்குள், 27 வயதில், இறந்துபோனார். 2020 ஜூனில் ஜூலியன்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அந்தக் கிட்டார் 60 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதுவரை எந்தக் கிட்டாருக்கும் ஏலத்தில் அந்த விலை கிடைத்ததில்லை.

கிட்டாரோடு அதன் பெட்டியும் வந்தது. மூடியின் மேல் பாய்சன் ஐடியா என்ற பங்க் குழுவின் விளம்பரத் தாளைக் கோபேனே ஒட்டியிருந்தார். உள்ளே பாதி பயன்படுத்திய தந்திப் பாக்கெட், மூன்று பிக் (தந்தியைத் தட்டும் சின்னத் தகடு), ஒரு சின்ன தோல் பை. ஏலப் பட்டியலில் இவை ஒவ்வொன்றையும் எழுதியிருந்தார்கள். பாதி தீர்ந்த தந்திப் பாக்கெட்டுக்கு ஏலப் பட்டியலில் என்ன வேலை என்று கேட்டால், இந்த விஷயத்தின் மையத்துக்கே வந்துவிட்டீர்கள்.

நல்ல கருவியா, இனிமையாக ஒலிக்குமா என்பதெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். அந்த மனிதர், அந்த இரவு, அந்த மேடை: இவற்றோடு இந்தப் பொருளுக்கு நேரடியான தொடர்பு உண்டா? உண்டென்றால் அதைக் காட்ட முடியுமா? விலையும் மதிப்பும் இந்த இரண்டு கேள்வியில்தான் நிற்கின்றன.

எந்தப் படியில் இருக்கிறது?

சேகரிப்பாளர்கள் எல்லா நினைவுப் பொருளையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. கலைஞர் வாசித்த அதே மாடல் கிட்டாரை யாரும் கடையில் வாங்கலாம். அது வெறும் கருவி. கலைஞர் கையெழுத்துப் போட்டது அதற்கு ஒரு படி மேல். அவருக்குச் சொந்தமாக இருந்தது இன்னொரு படி. ஸ்டுடியோவில் வாசித்தது அதற்கும் மேல். மேடையில் ஜனங்கள் பார்க்க வாசித்தது எல்லாவற்றுக்கும் உச்சியில், அல்லது உச்சிக்கு மிக அருகில்.

ஸ்டுடியோவில் வாசித்ததுதானே பாட்டில் கேட்கிறது, அதற்குத்தானே மதிப்பு அதிகம் இருக்க வேண்டும் என்று தோன்றும். சில சமயம் அப்படித்தான். ஒரு பெரிய ஆல்பம் முழுக்க ஒரே கிட்டாரில் பதிவானது என்று உறுதியாகத் தெரிந்தால் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஸ்டுடியோ என்பது மூடிய அறை. எந்தப் பாட்டுக்கு எந்தக் கிட்டார் என்று வாசித்தவருக்கே பத்து வருடம் கழித்து மறந்துபோகும். மேடையில் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள், போட்டோ இருக்கிறது, வீடியோ இருக்கிறது. அப்புறம், ரசிகரும் அன்றைக்கு அதே கூரையின் கீழ் இருந்தவர். அவருடைய சொந்த ஞாபகமும் அந்தக் கருவியில் கலந்திருக்கிறது. என்னைக் கேட்டால், மேடைக் கருவிக்கு இருக்கும் தனி ஈர்ப்புக்கு இதுதான் பெரிய காரணம்.

புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட கிட்டார் என்று விற்பனைக்கு வருபவற்றில் நிறைய, மலிவு விலைக் கிட்டாரில் கலைஞரிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கியவை. அவர் அதில் ஒரு தந்தியைக்கூடத் தட்டியிருக்க மாட்டார். கையெழுத்து உண்மையானதாகவே இருக்கலாம், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அதை “அவர் வாசித்த கிட்டார்” என்று நினைத்துப் பணம் கொடுத்துவிடக் கூடாது. எந்த ஊரில், எந்த நிகழ்ச்சியில் வாசித்தார் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விலகிவிடலாம்.

கை பட்டது என்பதற்கு என்ன பொருள்?

கோபேன் அதே நிகழ்ச்சியில் ஒரு பச்சை நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். 2019-இல் அது 3 லட்சத்து 34 ஆயிரம் டாலருக்கு விற்றது. ஒரு பட்டன் இல்லை, சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கிறது, கறை இருக்கிறது. அதைத் துவைத்ததே இல்லை என்று விற்பவர்களே பெருமையாகச் சொன்னார்கள். துவைத்திருந்தால் விலை விழுந்திருக்கும்.

டைட்டானிக் கப்பலில் வயலின் வாசித்த குழுவின் தலைவர் வாலஸ் ஹார்ட்லி. 1912 ஏப்ரலில் கப்பலோடு மூழ்கினார். அவருடைய வயலின் 2006-இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. நரம்பு கட்டும் பகுதியில் சின்ன வெள்ளித் தகடு. “நமது நிச்சயதார்த்தத்தை முன்னிட்டு வாலஸுக்கு, மரியா” என்ற பொருளில் அதில் பொறித்திருந்தது. மரத்தில் விரிசல், உலோகத்தில் உப்புநீர் அரித்த தடம். அதை யாரும் இனி வாசிக்க முடியாது. உண்மைதானா என்று சோதிக்கவே சில வருடங்கள் ஆயின, மருத்துவமனை சி.டி. ஸ்கேன் உட்பட. 2013 அக்டோபரில் ஏலத்தில் அதன் விலை 9 லட்சம் பவுண்டில் முடிந்தது.

இதற்கு நேர் எதிரான சம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது. எழுதும்போதே வலிக்கிறது. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் 2006-இல் மறைந்தார். 2016 டிசம்பரில் வாரணாசியில் அவர் குடும்பத்தார் வீட்டிலிருந்து அவருடைய வெள்ளி ஷெனாய்கள் திருடு போயின. அவற்றில் ஒன்று பிரதமராக இருந்த நரசிம்ம ராவ் பரிசளித்தது. அடுத்த மாதம் போலீஸ் கண்டுபிடித்தபோது வெள்ளி ஷெனாய்கள் இல்லை, உருக்கிய வெள்ளிதான் இருந்தது. நகைக் கடையில் சுமார் 17,000 ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள். மரத்தில் செய்த ஒன்று மட்டும் முழுசாகக் கிடைத்தது. எடை போட்டவருக்கு அது வெள்ளி. பாரத ரத்னா பெற்ற ஒரு மேதையின் மூச்சு அதன் வழியே போனது என்பது தராசில் ஏறாது. நினைவுப் பொருளின் மதிப்பு முழுக்க முழுக்க நம் மனதில்தான் இருக்கிறது என்பதையும், அதனாலேயே அதைப் பாதுகாப்பது எவ்வளவு அவசரமான வேலை என்பதையும் இதைவிடக் கொடுமையாக வேறெதுவும் காட்டாது.

எப்படி நிரூபிப்பது?

தொடர்பைக் காட்ட வழிகள் மூன்று நான்கு உண்டு. முதலாவது, பொருள் யார் யார் கைக்குப் போனது என்ற வரலாறு. கலைஞரிடமிருந்து யாருக்கு, எப்போது, எதற்காக. அவரிடமிருந்து அடுத்தவருக்கு எப்படி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் சந்தேகம் உள்ளே வந்துவிடும். கலைஞரோ அவருடைய மேலாளரோ கிட்டார் டெக்னீஷியனோ எழுதிக்கொடுத்த கடிதம் ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது, தொடர் எண். 1962-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஒரே மாதிரி இரண்டு கிப்ஸன் ஜே-160இ கிட்டார் வாங்கினார்கள். லெனனுடையது 1963 டிசம்பரில் காணாமல் போனது. 1960-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒருவர் 275 டாலருக்குப் பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, அது யாருடையது என்று தெரியாமலே பல பத்தாண்டுகள் வாசித்துக்கொண்டிருந்தார். ஹாரிசனின் கிட்டார் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் பார்த்தபோது, அதன் எண்ணும் தன்னுடையதும் மிக நெருக்கமாக இருப்பதைக் கவனித்தார். பீட்டில்ஸ் கருவிகளைப் பற்றி நன்கு அறிந்த நிபுணர் ஆண்டி பாபியக் அதைச் சோதித்து, லெனனுடையதுதான் என்று உறுதி செய்தார். 2015 நவம்பரில் 24 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது: போட்டோ மேட்ச். மரத்தின் ரேகை மனிதக் கைரேகை மாதிரி. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகூட அச்சாக ஒன்றுபோல் இருக்காது. அதனால் பழைய போட்டோவில் தெரியும் ரேகை, முடிச்சு, கீறல் இவற்றைக் கையில் இருக்கும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றா இல்லையா என்று சொல்லிவிடலாம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் முதன்முறையாக எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறி, கூட்டத்தில் ஒரு பகுதியின் கோபத்தைச் சம்பாதித்தாரே, அந்த ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் இப்படித்தான் அடையாளம் தெரிந்தது. டிலன் பயணம் செய்த தனி விமானத்தில் விட்டுப்போனதை விமானி வீட்டில் வைத்திருந்தார். பின்னாளில் அவர் மகள் அதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கொண்டுபோனார். நிபுணர்கள் விழாவின் வண்ணப் புகைப்படங்களை எடுத்து, கழுத்துப் பலகையின் ரோஸ்வுட் ரேகையை வைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். 2013-இல் அது 9 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு விற்றது.

ஆனால் போட்டோ மேட்ச் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்ல வேண்டும் என்றால் ராண்டி பாக்மன் கதையைத்தான் சொல்வேன். கனடாவின் கெஸ் ஹூ, பாக்மன்-டர்னர் ஓவர்டிரைவ் குழுக்களின் கிட்டார்காரர். சிறுவயதில் பேப்பர் போட்டும் புல் வெட்டியும் சேர்த்த 400 டாலரில் ஆரஞ்சு நிற கிரெட்ச் 6120 கிட்டார் ஒன்றை வாங்கினார். 1957-இல் செய்தது. 1976-இல் டொராண்டோவில் ஓட்டல் அறையிலிருந்து அது திருடு போனது. மனுஷன் அதைத் தேடித் தேடி, கிடைத்த கிரெட்ச்களை எல்லாம் வாங்கிக் குவித்தார். அது வந்தபாடில்லை.

2020-இல், கொரோனாவால் உலகமே வீட்டில் கிடந்தபோது, கனடாவில் ஒரு ரசிகர் இதைக் கையில் எடுத்தார். பாக்மன் பழைய வீடியோக்களில் வாசிக்கும்போது கிட்டாரின் முன்பலகையில் ஒரு சின்ன மரமுடிச்சு தெரிகிறது. அதை அடையாளமாக வைத்து, முகங்களை அடையாளம் காணும் மென்பொருளின் உதவியோடு, இணையத்தில் கிடைத்த பழைய கிரெட்ச் படங்களை ஒவ்வொன்றாகச் சலித்தார். கடைசியில் 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் டோக்கியோவில் ஓர் இசைக்கலைஞர் வாசித்த வீடியோவில் அதே முடிச்சு. அவர் அதைக் கடையில் முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர், திருட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அதே வருடத்து, அதே மாடல் இன்னொரு கிட்டாரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தால் இதைத் தருகிறேன் என்றார். நியாயமான பேச்சு. 2022 ஜூலை 1 அன்று, கனடா தினத்தில், டோக்கியோவின் கனடா தூதரகத்தில் இருவரும் கிட்டாரை மாற்றிக்கொண்டார்கள். 46 வருடம் கழித்து ஒரு கலைஞர் தன் முதல் காதலைத் திரும்பப் பெற்றது ஒரு ரசிகரின் பொறுமையான கண்களால்தான்.

திருட்டுப் பொருள் என்று வந்துவிட்டதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிட்டார் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவுபோனது. ரசிகர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தேடி, ஒரு வீட்டுப் பரணில் கிடந்ததைக் கண்டுபிடித்து, அது அவரிடமே போய்ச் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது. அதே வருட டிசம்பரில் லண்டன் மேடையில் அதை மறுபடியும் வாசித்தார். நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கினாலும், பொருள் திருட்டுப் பொருள் என்றால் அது பெரும்பாலும் உங்களுக்குச் சட்டப்படி சொந்தமாகாது. கை மாறிய வரலாற்றைக் கேட்டு வாங்குவது விலைக்காக மட்டும் இல்லை.

தேய்மானம்தான் சாட்சி

புதுக் கிட்டார் வாங்குபவர் கீறல் இருந்தால் திருப்பிக் கொடுப்பார். நினைவுப் பொருள் வாங்குபவர் கீறலைத்தான் முதலில் தேடுவார்.

அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கேலகரின் 1961 மாடல் ஸ்ட்ராடோகாஸ்டரைப் பாருங்கள். 1963-இல், 15 வயதில், கார்க் நகரில் கடனுக்கு வாங்கினார். விலை 100 பவுண்டு. வாங்கிய கொஞ்ச காலத்தில் டப்ளினில் திருடு போய், ஈரத்தில் வீசிக் கிடந்து திரும்பக் கிடைத்தது. அதன்பின் சாகும்வரை, 1995 வரை, இரவுக்கு இரவு மேடையில் வியர்வை கொட்டக் கொட்ட வாசித்தார். பழுப்பும் மஞ்சளுமாக இருந்த சன்பர்ஸ்ட் பெயின்ட் பெரும்பகுதி உதிர்ந்து, வெறும் மரம் தெரியும். கை உரசும் இடத்தில் மரமே மெருகேறியிருக்கும். தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் ஆறு டியூனரில் ஒன்று மட்டும் வேறு கம்பெனியுடையது. பழையது போனபோது கிடைத்ததை மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இந்தச் சிதைவைப் பார்த்துப் பார்த்து, ஃபெண்டர் கம்பெனியே புதுக் கிட்டாரில் அதேபோல் பெயின்டை உரித்து நகல் செய்து விற்கிறது. நகலில் உரிந்த பெயின்ட் அழகுதான். ஆனால் அதற்கும் கார்க் நகரத்துப் பையன் கடனைக் கட்டக் கட்ட வாசித்த கிட்டாருக்கும் இடையே உள்ள தூரத்தை எந்தப் பட்டறையாலும் குறைக்க முடியாது.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் “டிரிகர்” என்று அழைக்கும் கிட்டார் இன்னொன்று. 1969-இல் வாங்கிய மார்ட்டின் என்-20. தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே பிக்கும் விரலும் உரசி உரசி, பலகையில் பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. நண்பர்கள் பலர் அதன்மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர் அதை விற்கவில்லை, விடவும் இல்லை.

ஆகவே உங்கள் கையில் ஒரு மேடைக் கருவி வந்தால் முதல் விதி: துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். பாலிஷ் போடாதீர்கள். துருப்பிடித்த தந்தியைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சுருட்டி ஒரு உறையில் போட்டு, எந்தக் கருவியுடையது, என்றைக்குக் கழற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒட்டியிருக்கும் டேப், பாட்டு வரிசை எழுதிய துண்டுத்தாள், பெட்டியின் கைப்பிடியில் தொங்கும் விமான நிறுவன லேபிள், எதையும் கிழிக்காதீர்கள். ஒரு நாள் அந்த லேபிளே சாட்சி சொல்லும்.

மரத்துக்கு ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. சென்னை மாதிரி கடலோர ஊர்களில் அது சர்வசாதாரணமாக 70-ஐத் தாண்டும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானியும் சிலிக்கா ஜெல் பையும் வைத்து, அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

லட்சங்கள் இல்லாத ரசிகருக்கு

இதுவரை சொன்ன தொகைகளைப் பார்த்து, இது நமக்கான விஷயம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மேடையிலிருந்து ரசிகர் கைக்கு வரும் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை காசு கொடுக்காமல் வருபவை: டிரம் குச்சி, கிட்டார் பிக், கிழிந்த டிரம் தோல், பாட்டு வரிசைத் தாள். கச்சேரி முடிந்ததும் டிரம்மர் கூட்டத்தைப் பார்த்து எறியும் குச்சியைப் பிடித்தவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சந்தோஷத்துக்கு ஏல நிறுவனம் எதுவும் விலை வைக்க முடியாது.

அதையும் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். உண்மையில் வாசித்த குச்சியில், நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, சிம்பல் விளிம்பும் டிரம்மின் இரும்பு வளையமும் கடித்த தடம் வரிசையாக இருக்கும். மரம் நார்நாராகப் பிரிந்திருக்கும். நுனி உடைந்தோ மழுங்கியோ இருக்கும். வழவழவென்று இருந்தால் அது எறிவதற்கென்றே கொண்டுவந்த புதுக் குச்சியாக இருக்கலாம். பிக்கும் அப்படியே. கலைஞர்கள் பெயர் அச்சடித்த பிக்குகளை மொத்தமாகச் செய்து, மைக் ஸ்டாண்டில் வரிசையாகச் செருகி வைத்து, வாரி இறைப்பார்கள். அதில் பல தந்தியைத் தொட்டே இருக்காது. வெளிச்சத்தில் விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து, நெருக்கமாகக் கோடு விழுந்திருந்தால் அது உழைத்த பிக். தேயாதது கிடைத்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்தது அதுவும்தான்.

செய்ய வேண்டிய வேலை அன்றிரவே இருக்கிறது. பொருளைக் கையில் வைத்து, மேடை பின்னால் தெரிய, ஒரு போட்டோ எடுங்கள். டிக்கெட்டோடு சேர்த்து இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் தேதி, இடம், குழுவின் பெயர், எந்தப் பாட்டு முடிந்தபோது கிடைத்தது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒரு தாளில் எழுதி, பொருளோடு ஒரே பெட்டியில் வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் கையில் அது வெறும் குச்சியாகப் போகாமல் காப்பது அந்தத் தாள்தான். இதைச் செய்யாமல் விட்டவர்கள் வீட்டு அலமாரிகளில் எத்தனை அரிய பொருள்கள் யாருடையது என்றே தெரியாமல் கிடக்கின்றனவோ என்று நினைத்தால் ஆதங்கமாக இருக்கிறது.

என்றைக்காவது ஏலத்தில் வாங்கும் யோசனை இருந்தால் கணக்கில் ஒன்றை மறக்காதீர்கள். சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை இல்லை. அதன்மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் ஏறும். ரோரி கேலகரின் கிட்டார் 2024 அக்டோபரில் லண்டன் பான்ஹம்ஸ் ஏலத்தில் 7 லட்சம் பவுண்டுக்கு முடிந்தது. கமிஷனோடு சேர்த்து 8 லட்சத்து 89 ஆயிரத்து 400. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி உண்டு. பழைய கிட்டார்களில் பிரேசில் ரோஸ்வுட் இருந்தால் 1992 முதல் அதற்குச் சர்வதேசக் கட்டுப்பாடும் உண்டு, தனி அனுமதிச் சான்று வேண்டும்.

பூட்டி வைப்பதா, வாசிப்பதா?

ரோரியின் கிட்டார் ஏலத்துக்கு வருகிறது என்றதும் அயர்லாந்து ரசிகர்கள் பதறினார்கள். யாரோ ஒரு கோடீஸ்வரர் வாங்கி, வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் இனி யாரும் பார்க்கவே முடியாதே என்று. அதை வாங்கியவர் டெனிஸ் டெஸ்மண்ட் என்ற அயர்லாந்து கச்சேரி அமைப்பாளர். வாங்கியதும் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். கோபேன் கிட்டாரை வாங்கிய பீட்டர் ஃப்ரீட்மனும் அதைப் பூட்டி வைக்கவில்லை. 2025-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் அருங்காட்சியகத்தில் ஜனங்கள் பார்க்க வைத்தார்கள். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் தன் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட கிட்டார்களை 2019-இல் தானே ஏலத்துக்கு விட்டார். கறுப்பு ஸ்ட்ராட் மட்டும் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர். மொத்தம் வந்த 2 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் சுற்றுச்சூழல் சட்ட அமைப்பான கிளையண்ட் எர்த்துக்குக் கொடுத்தார்.

பார்க்க முடிவது சரி. கேட்க வேண்டாமா? இந்தக் கேள்விக்கு இத்தாலியின் ஜெனோவா நகரம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பதிலை வைத்திருக்கிறது. வயலின் மேதை பகனினி வாசித்த வயலினை 1743-இல் குவார்னேரி என்ற வயலின் கைவினைஞர் செய்தார். அதை ஒரு ரசிகர்தான் பகனினிக்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள்: ஒரு கச்சேரிக்கு இரவல் கொடுத்தவர், அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, திரும்ப வாங்க மனமில்லாமல் அவருக்கே விட்டுவிட்டாராம். அதன் கனத்த குரலால் பகனினி அதைப் பீரங்கி என்றுதான் அழைத்தார். 1840-இல் இறக்கும்போது, என்றென்றைக்கும் பாதுகாக்க வேண்டும் என்று தான் பிறந்த ஜெனோவா நகரத்துக்கு எழுதிவைத்தார். இன்று அது நகரத்தின் டோரியா-டுர்சி மாளிகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து வயலினில் மோவாயைத் தாங்கும் கட்டை கிடையாது. பகனினியின் தாடை அழுந்திய இடத்தில் வார்னிஷ் தேய்ந்துபோயிருப்பதை யாரும் சரிசெய்யவில்லை. அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அதே சமயம், பகனினி பெயரில் அங்கே நடக்கும் வயலின் போட்டியில் முதல் பரிசு பெறும் கலைஞருக்கு அந்த வயலினை வாசிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. பராமரிப்பாளர்கள் கருவியை வெளியே எடுத்து, மரத்தையும் பசையையும் சோதித்து, கூடவே நின்று, வாசித்து முடித்ததும் மறுபடி உள்ளே வைக்கிறார்கள். அதற்குச் செலவு இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. இருந்தும் நான் ஜெனோவா கட்சி. வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கிற கருவியை வருடத்தில் ஓரிரு முறையாவது தகுதியான ஒரு கையில் கொடுக்க வேண்டும். ஹார்ட்லியின் வயலின் மாதிரி முடியாதவற்றை மட்டும் தொடாமல் விட்டால் போதும்.